2012 பேஸ்பால் வைல்ட் கார்ட் ஆட்டம்: ஹோல்புரூக் கை தூக்கியது சரியா?

இடதுகை_பிட்சர் கேட்டது:

பிரேவ்ஸ் - கார்டினல்ஸ், அக்டோபர் 5, 2012, அட்லாண்டா டர்னர் ஃபீல்ட். எத்தனை விளக்கம் படித்தும் இந்தத் தீர்ப்பில் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே ஆட்டம், தோற்றால் அந்த வருடமே முடிந்தது. பிரேவ்ஸின் மூத்த வீரர் சிப்பர் ஜோன்ஸுக்கு அதுதான் கடைசி ஆட்டம் வேறு.

எட்டாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி. கார்டினல்ஸ் 6-3 என்று முன்னால். பிரேவ்ஸுக்கு முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆள், ஒரு அவுட். சிம்மன்ஸ் அடித்த பந்து உயர எழும்பி இடதுபக்கப் புல்வெளிக்குப் போகிறது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) கோஸ்மா பின்னாலேயே ஓடிப்போய், "நான் பிடிக்கிறேன்" என்று கை காட்டிவிட்டு, கடைசி நொடியில் விலகிவிடுகிறார். இடதுபக்கப் புல்வெளியில் நிற்கும் லெஃப்ட் ஃபீல்டர் ஹாலிடேயும் பிடிக்கவில்லை. பந்து இருவருக்கும் நடுவில் தரையில் விழுகிறது. மூன்று பேஸும் நிரம்பிவிட்டது என்று அரங்கமே எழுந்து நிற்கிறது. பார்த்தால், லெஃப்ட் ஃபீல்ட் கோட்டோரம் நின்ற அம்பயர் சாம் ஹோல்புரூக் கையைத் தூக்கியிருக்கிறார். இன்ஃபீல்ட் ஃப்ளை, சிம்மன்ஸ் அவுட்!

அவ்வளவு ஆழத்தில் விழுந்த பந்துக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும்? பிடிக்கவே பிடிக்காத பந்துக்கு அவுட் எதற்கு? விதி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோட்டோர_நடுவர்:

வார இறுதி அமெச்சூர் ஆட்டங்களில் அம்பயராக நிற்பவன் நான். இந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்து விழுந்த இடத்தில் தப்பில்லை, கை எழுந்த நேரத்தில்தான் தப்பு.

முதலில் விதி. முதல் இரண்டு பேஸிலோ, மூன்று பேஸிலுமோ ஆள் இருந்து, இரண்டு அவுட் ஆகாத நிலையில், ஒரு இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயரமான பந்து ஆட்ட எல்லைக்குள் வந்தால், அம்பயர் சொன்ன உடனேயே அடித்தவர் அவுட். பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி. நேராகப் பாயும் பந்துக்கும், மட்டையை வீசாமல் மெதுவாகத் தட்டிவிடும் பன்ட்டுக்கும் இது கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்த விதி இது. பந்து கைக்கு வரும் என்று நினைத்து ரன்னர்கள் பேஸை ஒட்டியே நிற்பார்கள். ஃபீல்டர் வேண்டுமென்றே கீழே விட்டுவிட்டு, எடுத்து எறிந்து, இரண்டு பேரைச் சுலபமாக அவுட் ஆக்கிவிடலாம். அந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான், அதாவது அடிக்கும் அணியைக் காப்பாற்றத்தான், இந்த விதி.

புல்வெளி விஷயத்தில் உங்கள் வாதம் நிற்காது. புல் தொடங்கும் இடத்தையோ பேஸ் கோடுகளையோ எல்லையாக வைத்துப் பார்க்கக் கூடாது என்று விதிக்கான குறிப்பே சொல்கிறது. இன்ஃபீல்டரால் சாதாரணமாகப் பிடிக்க முடியுமா என்பதுதான் ஒரே கேள்வி.

இனி நேரத்துக்கு வருகிறேன். இப்படி ரன்னர்கள் நிற்கும்போது, பந்து வீசுவதற்கு முன்பே நாங்கள் தொப்பி விளிம்பைத் தொட்டோ நெஞ்சில் கை வைத்தோ ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்வோம். பந்து எழும்பியதும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், ஃபீல்டரைப் பார்ப்போம். பந்து உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில் அவர் கால் ஓரிடத்தில் நிலைத்து, முகம் மேலே திரும்பியிருந்தால், கை எழும். அந்த நேரத்தில் அவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எழாது.

ஹோல்புரூக்கின் கை எழுந்தபோது பந்து கிட்டத்தட்டத் தரைக்கே வந்துவிட்டது. பிடிப்பது சாதாரணம் என்று தெளிவானால் உடனே சொல்லவேண்டும் என்கிறது விதி. உடனே சொல்லவில்லை என்றால், உடனே தெளிவாகவில்லை என்றுதானே அர்த்தம்? சந்தேகம் இருந்தால் கையைத் தூக்காமல் விடுவதுதான் முறை. ஏனென்றால் இங்கே ரன்னர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பந்து அவ்வளவு ஆழத்தில் இருந்ததால் அவர்கள் பாதி வழியில் நின்றிருந்தார்கள், விழுந்ததும் ஆளுக்கொரு பேஸ் முன்னேறியும் விட்டார்கள். காப்பாற்ற வந்த விதி காப்பாற்ற வேண்டியவர்களையே அடித்துவிட்டது. எனக்கு இன்றும் கோபம் வருவது அதனால்தான்.

சிவப்புப்_பறவை:

கார்டினல்ஸ் ரசிகனாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கோஸ்மா பந்துக்குக் கீழேயே வந்து நின்றுவிட்டார். கையை வேறு ஆட்டினார். பின்னால் ஹாலிடே வருகிறாரோ என்று நினைத்து விலகினாரே தவிர, பிடிக்க முடியாமல் விலகவில்லை. தூரம் போய் நிற்க நேரமாகும், அவர் நின்ற பிறகுதானே அம்பயர் சொல்ல முடியும்? ஆட்டம் முடிந்த பிறகு ஹோல்புரூக்கும் இதையேதான் சொன்னார். இரட்டை அவுட்டுக்கு வாய்ப்பு உண்டா என்று அம்பயர் கணக்குப் போட வேண்டும் என விதியில் எங்கேயும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. அன்று பிரேவ்ஸ் ஃபீல்டிங்கில் மூன்று பிழைகள். அதில் ஒன்று சிப்பருடைய எறிதல். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

இடதுகை_பிட்சர்:

மூன்று பிழைகளையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு சரியா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. ரசிகர்கள் பாட்டில் எறிந்து ஆட்டம் 19 நிமிடம் நின்றதையும் நான் ஆதரிக்கவில்லை, அங்கே நின்றவர்கள் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கோட்டோர_நடுவர் சார், இன்னொரு சந்தேகம். பிரேவ்ஸ் மேனேஜர் ஃப்ரெடி கொன்சாலஸ் முறைப்படி புரோட்டெஸ்ட் (ஆட்சேபம்) கொடுத்தாரே, லீக் அதிகாரி ஜோ டோரி அதை அன்றைக்கே தள்ளிவிட்டது ஏன்? 1983இல் ராயல்ஸ் வீரர் ஜார்ஜ் பிரெட் விஷயத்தில் மட்டும் எப்படிச் செல்லுபடியானது?

கோட்டோர_நடுவர்:

நல்ல கேள்வி. 2020க்கு முன்பு வரை, விதியைத் தவறாகப் பிரயோகித்தால் மட்டும்தான் புரோட்டெஸ்ட் எடுபட்டது. கண்ணால் பார்த்து அம்பயர் எடுக்கும் முடிவுக்கு எடுபடவில்லை. 1983 ஜூலை 24 யாங்கி ஸ்டேடியத்தில் பிரெட்டின் மட்டையில் பைன் தார் (பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் பிசின்) 18 அங்குலத்துக்கு மேல் பூசியிருந்தது உண்மை. ஆனால் அதற்காக ஹோம் ரன்னை ரத்து செய்து அவரை அவுட் ஆக்கியது விதியின் நோக்கம் இல்லை என்று லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் முடிவு செய்தார். ஆகஸ்ட் 18 அன்று அந்த இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்ந்து, ராயல்ஸ் 5-4 என்று ஜெயித்தது. ஹோல்புரூக் விஷயத்தில் "சாதாரண முயற்சி" என்பது முழுக்க அவருடைய கணிப்பு. டோரி வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

சிவப்புப்_பறவைக்கு: நோக்கத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லி விதியில் எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "உடனே" என்று எழுதியிருக்கிறதே. கோஸ்மா பின்னோக்கி அவ்வளவு தூரம் ஓடி வந்து சேர்ந்த பிறகுதான் சொல்ல முடிந்தது என்றால், அந்த ஓட்டமும் முயற்சியில் சேர்ந்ததுதான். கடைசி இரண்டு அடியை மட்டும் பார்த்து "சாதாரணம்" என்று சொல்ல முடியாது.

சீசன் ஆட்டங்களில் அம்பயர்கள் நான்கு பேர்தான். பிளேஆஃபில் மட்டும் இரண்டு கோட்டோரமும் ஒருவரைக் கூடுதலாக நிறுத்துவார்கள். வழக்கமாக ஆளே இல்லாத இடத்திலிருந்து, பழகாத கோணத்தில் ஹோல்புரூக் அதைப் பார்த்தார். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை.

மூன்றாம்_பேஸ்:

இப்போதைய வீடியோ ரீப்ளே அன்று இருந்திருந்தால் இது மாறியிருக்குமா?

கோட்டோர_நடுவர்:

மாறியிருக்காது. 2010இல் டெட்ராய்டில் பிட்சர் கலாராகாவின் பர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத ஆட்டம்) கடைசி அவுட்டில் பறிபோனதே, முதல் பேஸில் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்று சொன்னதால். அது கால் முந்தியதா பந்து முந்தியதா என்ற விஷயம், கேமரா சொல்லிவிடும். 2014இல் ரீப்ளேயை விரிவுபடுத்திய பிறகு அந்த மாதிரித் தவறு இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இன்ஃபீல்ட் ஃப்ளை அந்தப் பட்டியலில் இல்லை. பந்து இறங்கத் தொடங்கிய பிறகும் ஃபீல்டர் ஓடிக்கொண்டிருந்தால் இன்ஃபீல்ட் ஃப்ளை செல்லாது என்று விதியிலேயே ஒரு வரி சேர்த்தால்தான் இதற்கு வழி. எங்கள் ஆட்டங்களில் நான் அப்படித்தான் நிற்கிறேன். உச்சியைத் தாண்டியும் ஃபீல்டர் ஓடிக்கொண்டிருந்தால் என் கை எழாது.

இடதுகை_பிட்சர்:

அந்த வரியைச் சேர்த்தால் முதல் ஆளாக நான் கைதட்டுவேன். அன்று அடுத்து வந்த மெக்கேன் வாக் வாங்கி (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்து) மூன்று பேஸும் எப்படியோ நிரம்பத்தான் செய்தது. ஆனால் இரண்டு அவுட் ஆகியிருந்தது. போர்ன் ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. அந்த ஒரு அவுட் கையில் இருந்திருந்தால் இன்னொருவர் அடிக்க வந்திருப்பார்.