மதியம் 3 மணிக்கே போன் படுத்துவிடுகிறது. பேட்டரி மாற்றணுமா, செட்டிங்ஸில் ஏதாவது செய்யணுமா?

புதுவண்ணை_ரைடர்:
வணக்கம். நான் புது வண்ணாரப்பேட்டை. சாப்பாடு டெலிவரி வேலை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம்தான் ஓட்டம், சில நாள் மூலக்கடை வரைக்கும் இழுத்துவிடும். போன் வாங்கி 2 வருஷம் 4 மாசம் ஆகிறது, 5000 எம்ஏஎச் பேட்டரி. புதிதில் காலை 10 மணிக்கு 100 வைத்துக்கொண்டு கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வரும்போது 20ஆவது மிச்சம் இருக்கும். இப்போது மதியச் சாப்பாட்டு ஆர்டர் முடிவதற்குள் சிவப்புக்கோடு வந்துவிடுகிறது.

நேற்று நடந்ததுதான் தாங்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் அரை மணி நேரம் மாட்டி, எப்படியோ வெளியே வந்து, கஸ்டமர் வீட்டு வாசலில் பார்சலை வைத்துவிட்டு போட்டோ எடுக்கக் கேமராவைத் திறக்கிறேன், 31 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று ஆஃப். திரும்ப ஆன் செய்தால் 4 சதவீதம் என்கிறது. 27 சதவீதம் எங்கே போனது?

வண்டியில் யுஎஸ்பி சார்ஜர் இருக்கிறது, ஓட்டும்போது போனை ஹேண்டில் ஹோல்டரில் மாட்டி சார்ஜ் போட்டே வைத்திருப்பேன், ஆனாலும் ஏறுவதில்லை. தொட்டால் கை சுடுகிறது. எல்லா ஆப்பையும் அடிக்கடி தள்ளித் தள்ளி மூடிவிடுகிறேன். பேட்டரி சேவர் போட்டுப் பார்த்தேன், ஆர்டரே வரவில்லை, அதை எடுத்துவிட்டேன். புதுப் போன் வாங்குகிற நிலைமையில் இல்லை. என்ன செய்யலாம்?

வியாசர்பாடி_பையன்:
தல, இதுக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை சுத்தமா 0 வரைக்கும் இறக்கிவிட்டு, போனை ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுங்க. எங்க மாமா நோக்கியா காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறார், அவர் போன் இன்னும் ஓடுது.

மின்ட்_சர்வீஸ்:
மாமாவின் போன் ஓடட்டும், நல்லதுதான். ஆனால் 0 வரைக்கும் இறக்குகிற பழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு வந்தது. அதற்குத்தான் பாதியில் சார்ஜ் போட்டால் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிற வியாதி. இப்போது எல்லாப் போனிலும் இருப்பது லித்தியம். அதை அடிக்கடி 0 வரை இறக்குவதும் கெடுதல், 100ல் ஏற்றி மணிக்கணக்காகச் சூட்டில் வைப்பதும் கெடுதல். சதவீதம் காட்டுவது தப்பாக இருந்தால் அதைச் சரிசெய்ய எப்போதாவது ஒருமுறை முழுசாக இறக்கி ஏற்றலாம், அவ்வளவுதான். அதனால் பேட்டரிக்கு ஆயுசு கூடாது.

ரைடர் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 31ல் கேமராவைத் திறந்ததும் ஆஃப் ஆனது, அதுதான். பேட்டரிக்கு வயசானால் உள்ளே தடை கூடிவிடும். அடிபம்பு தெரியும்தானே, வாஷர் தேய்ந்துபோன அடிபம்பு மாதிரி. கீழே தண்ணீர் இருக்கிறது, மெதுவாக அடித்தால் ஒழுகி ஒழுகி வருகிறது, அவசரமென்று வேகமாக அடித்தால் வெறும் காற்றுதான். கேமரா, ஃப்ளாஷ், மேப் எல்லாம் ஒரே நொடியில் கரண்ட் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. பழைய ஐபோன்களில் இதே தொல்லைக்காகத்தான் ஆப்பிள் யாரிடமும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்து, 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, பிறகு பேட்டரி நலத்தைக் காட்டுகிற பக்கத்தையே செட்டிங்ஸில் சேர்த்தது. ஆகவே உங்கள் 27 சதவீதம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது, வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 2 வருஷம் 4 மாசம் என்றால் சுமார் 850 நாள். வீட்டில் ஒரு தடவை, வண்டியில் அரையும் குறையுமாக என்று நாளுக்கு ஒன்றரை முறை வைத்தாலே 1200 சுற்றைத் தாண்டுகிறது. பாதி இறங்கி ஏறுவது இரண்டு தடவை என்றால் ஒரு சுற்று, அப்படித்தான் எண்ணுவது. ஐரோப்பாவில் 2025 ஜூனிலிருந்து விற்கிற போனுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்கவேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள், போனைத் திட்டிப் பயனில்லை.

இதில் பாதிப் பழி வெயிலுக்கு, மீதி அந்த ஹோல்டருக்கு. ஆப்பிளும் சாம்சங்கும் 0 முதல் 35 டிகிரிக்குள் போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன. நம் ஊரில் கத்திரி வந்தால் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. கறுப்புப் போன், கறுப்பு ரப்பர் கவர், நேர் வெயில், வெயிலில் தெரியவேண்டும் என்று முழு வெளிச்சம், ஜிபிஎஸ், டேட்டா, அதோடு சார்ஜும். ஏறாததற்குக் காரணம் சார்ஜர் இல்லை. பேட்டரி 45 டிகிரியை நெருங்கினாலே போன் சார்ஜை மெதுவாக்கும், இல்லை நிறுத்தியே விடும். உள்ளே வருகிற கொஞ்சமும் ஸ்கிரீனுக்கே போய்விடும். என் கடைக்கு வருகிற உப்பிய பேட்டரிகளில் டெலிவரி பசங்களுடையதுதான் அதிகம், ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் வரைக்கும் வரிசை கட்டும்.

ஒன்று உடனே பாருங்கள். கவரைக் கழற்றிவிட்டு போனை மேசையில் மல்லாக்க வையுங்கள். பின்பக்கம் உப்பி ஆடுகிறதா, ஓரத்தில் கண்ணாடி தூக்கியிருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள்.

பெரம்பூர்_அக்கா:
மின்ட் சார் சொல்வது சரி, பேட்டரி மாற்றியே ஆகவேண்டும். ஆனால் புது பேட்டரியையும் இதே கதிக்கு ஆளாக்காமல் இருக்க இன்னும் சில வேலை பாக்கி.

தம்பி, ஆப்பைத் தள்ளித் தள்ளி மூடுவதை முதலில் விடுங்கள். மூடின ஆப்பை மறுபடி முதலிலிருந்து எழுப்புவதற்குத்தான் கூட சார்ஜ் செலவாகும். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு குடித்தது என்று பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். டெலிவரி ஆப்பும் மேப்பும் மேலே இருந்தால் அது உங்கள் பிழைப்பு, தொடாதீர்கள். அவற்றுக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று தனியாக வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கட்டுப்படுத்துங்கள். அப்போது சேவர் போட்டதால் ஆர்டர் வராமல் போன கதை திரும்ப நடக்காது. என் தம்பி போனில் ஒரு ஷாப்பிங் ஆப் லொகேஷனை எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தது, அவன் அதில் எதையும் வாங்கியே ஒரு வருஷம் ஆகிறது.

இரண்டு சிம்மா? ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம் ஒன்று உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள், போன் அதற்கும் டவர் தேடும். 5ஜி உங்கள் ரூட்டில் வந்து வந்து போகிறது என்றால் 4ஜியிலேயே வைத்துவிடலாம், மேப்புக்கும் ஆர்டருக்கும் அது போதும்.

அப்புறம் மேப். நேர் ரோடு என்றால் ஸ்கிரீனை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், வழி சொல்லிக்கொண்டேதான் வரும். திருவொற்றியூர் ஹை ரோட்டில் தேரடி வரைக்கும் போக யாருக்கு மேப் வேண்டும்?

காசிமேடு_கரைவலை:
நான் போட்டில் போகிறவன், ரைடர் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். டவர் கிடைக்காத இடத்தில்தான் போன் அதிகம் குடிக்கும். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனதும் ஒரு கோடு, அரைக் கோடு என்று டவர் வரும் போகும். அந்த நேரத்தில் போன் கத்திக் கத்திக் கூப்பிடுகிற மாதிரி முழுச் சக்தியையும் போட்டுத் தேடும். ஆரம்பத்தில் எனக்கு அது தெரியாது. சும்மா பாக்கெட்டில் கிடந்த போன் விடிவதற்குள் காலியாகிவிடும், யாரோ எடுத்துப் பேசினார்களோ என்று கூட இருந்தவனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இப்போது டவர் போனவுடன் ஏரோப்ளேன் மோடு. ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், மேப்பை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். திரும்பி வரும்போது கரை தெரிந்தபிறகுதான் ஆன் செய்வேன். ஒரேயடியாக மெசேஜ் கொட்டும், அதில் பாதி வீட்டம்மாவிடமிருந்து.

உங்களுக்கு ஏரோப்ளேன் மோடு ஆகாது, ஆர்டர் வரணும். ஆனால் தகர ஷீட் போட்ட குடோன் உள்ளே, அடுக்குமாடியின் கீழே பார்க்கிங்கில் எல்லாம் காத்திருக்கவேண்டாம், வாசலுக்கு வந்து நில்லுங்கள். அதிலேயே வித்தியாசம் தெரியும்.

புதுவண்ணை_ரைடர்:
எல்லோருக்கும் நன்றி. மின்ட் அண்ணே, மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆடுகிறது. நான் இத்தனை நாள் கவர்தான் லூஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சார்ஜ் போடவில்லை, வீட்டம்மா போனில் சிம்மைப் போட்டு ஓட்டுகிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் என் மாடலுக்குப் பேட்டரி வரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். வெளியில் ஒரு கடையில் அதே போனுக்கு 6500 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது, ஒரிஜினலைவிட விலையும் கம்மி என்கிறார்கள். போடலாமா?

மின்ட்_சர்வீஸ்:
வேண்டாம். அதே அளவுள்ள குழிக்குள் 5000க்குப் பதில் 6500 எங்கே போய் உட்காரும்? ஸ்டிக்கரில் மட்டும்தான் உட்காரும். அந்த மாதிரிச் சரக்கில் பாதுகாப்பு சர்க்யூட்டும் சரியாக இருக்காது.

ரிச்சி தெருவோ பர்மா பஜாரோ நம்ம ஏரியாக் கடையோ, எங்கே போட்டாலும் மூன்று விஷயம் பாருங்கள். லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், ஒன்றரை வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தது என்றால் திருப்பிக் கொடுங்கள், பயன்படுத்தாமல் கிடந்தாலும் லித்தியம் தேயும். எழுதிக்கொடுத்த பில், மூன்று மாசமாவது கேரண்டி. பழையதை உங்கள் கண் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள், கண்ணாடியைச் சூடுபடுத்திப் பசையை இளக்கித்தான் திறப்பார்கள், கத்தியை விட்டு நெம்புகிறவன் கையில் கொடுக்காதீர்கள். உப்பின பேட்டரியில் ஒரு கீறல் போதும், நெருப்பு. திறந்த பிறகு தண்ணீர்த் தடுப்பு முன்பு மாதிரி இருக்காது, மழைக்காலத்தில் பாலித்தீன் கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நாள் பொறுக்கமுடிந்தால் கம்பெனி பேட்டரியே நல்லது. என் கடைக்கு ஒரு கஸ்டமர் குறைகிறது, பரவாயில்லை.

பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடவேண்டாம். கடைசியில் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகும், அங்கே எரிவது போதாதா. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

வியாசர்பாடி_பையன்:
பவர் பேங்க் வாங்கினால் இத்தனை பஞ்சாயத்து வேண்டாமே. 10000 எம்ஏஎச், இரண்டு தடவை ஃபுல்லா ஏறும்.

பெரம்பூர்_அக்கா:
ஏறாது தம்பி. 10000 என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போதே 7400 ஆகிவிடும், அதிலும் சூடாகி வீணாவது போக ஒன்றரை தடவை ஏறினால் பெரிது. ஆனாலும் வாங்கலாம், உப்பிய பேட்டரிக்கு மட்டும் அது மருந்தாகாது. ஒன்றே ஒன்று, வெயிலில் ஹோல்டரில் வைத்துப் போடாமல், ஆர்டருக்குக் கடை வாசலில் நிற்கிற பத்து நிமிஷத்தில் நிழலில் போடுங்கள்.

புதுவண்ணை_ரைடர்:
ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பத்து நாள் என்றவர்கள் பதினாலு நாள் ஆக்கினார்கள், ஆனால் கம்பெனி பேட்டரிதான் போட்டேன். எடுத்த பழையதை மேசையில் வைத்தார்கள், சுட்ட அப்பளம் மாதிரி நடுவில் உப்பிக்கொண்டிருந்தது. இதைத்தான் தினமும் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

ஹோல்டரை ஹேண்டிலிலிருந்து கழற்றிவிட்டேன். மெஷ் பை ஒன்று டேங்க் பக்கத்தில் கட்டி, நிழல் விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன், மேப்பைக் குரலில்தான் கேட்கிறேன், புது ஏரியா என்றால் மட்டும் எடுத்துப் பார்ப்பது. கறுப்பு ரப்பர் கவரும் போய்விட்டது. செத்த சிம் ஒன்று நிஜமாகவே உள்ளே இருந்தது அக்கா, ஊரில் வாங்கினது, மறந்தே போயிருந்தேன்.

நேற்று காலை 10க்கு 90 வைத்துக் கிளம்பி, நடுவில் காலடிப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் பவர் பேங்க் போட்டேன். ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்கு வரும்போது 34. கேமராவும் திறந்தது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி, வண்டியில் இருக்கிற அந்த யுஎஸ்பி சார்ஜரைக் கழற்றிவிடலாமா, இல்லை பவர் பேங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

மின்ட்_சர்வீஸ்:
பவர் பேங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சீட்டுக்கு அடியில் வைத்து அங்கேயே மூடிப் போடாதீர்கள், அங்கேயும் சூடுதான்.