"கெடுத்துட்டாங்க" என்றால் என்னவென்று எழுதுவது?

தும்பைப்பூ:
போரில் தப்பி வந்த பெண்களின் வாக்குமூல ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்து மொழிபெயர்க்கும் வேலையில் எட்டு மாதமாக இருக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. ஒரு பதிவில் ஓர் அம்மா, "என்னைக் கெடுத்துட்டாங்க" என்கிறார். அப்புறம் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும். நான் "பாலியல் வல்லுறவு" என்று எழுதினேன். சரிபார்க்கிறவர் அடித்துவிட்டார், அவர் சொல்லாத சொல்லை நீ எப்படிப் போடலாம் என்கிறார். நடந்து பல வருடமாகிவிட்டது. மருத்துவச் சான்று இல்லை, பார்த்தவர்களும் இல்லை. இந்த ஒரு வரி நீதிமன்றத்தில் நிற்குமா? திரும்பவும் போய்க் கேளுங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

பழைய வக்கீல்:
முதலில், இதற்கு மேல் அவரைப் பற்றிய விவரம் எதையும் பொதுவில் எழுதாதீர்கள்.

சான்று இல்லை என்ற பயம் பாதிதான் சரி. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் 63ஆம் விதிப்படி, இன்னொரு சாட்சி ஒத்துச் சொன்னால்தான் ஏற்போம் என்று நீதிபதிகள் சட்ட நிபந்தனை வைக்க முடியாது. 70ஆம் விதி, மௌனத்தையோ எதிர்க்காததையோ சம்மதமாக எடுக்கக்கூடாது என்கிறது. யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில், ஃபுருண்ட்ஷியா என்ற படைத் தளபதி மீதான வழக்கு, 1998. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மன அதிர்ச்சி நோய், அதனால் நினைவை நம்ப முடியாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. எடுபடவில்லை. அவனுக்கு 10 ஆண்டு சிறை.

இருமொழி:
நானும் மொழிபெயர்ப்பாளர்தான். உங்கள் சரிபார்ப்பாளர் சொல்வது சரி, ஆனால் அடித்ததோடு விட்டது தப்பு.

1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில், அகயேசு என்ற மேயர் மீதான வழக்கில் இதே சிக்கல் வந்தது. சாட்சிகள் பேசிய கின்யருவாண்டா மொழியில் 'குர்யாமானா' என்றால் சேர்ந்து படுப்பது. இன்னொரு தொடருக்கு, எதையும் பலவந்தமாக எடுப்பது என்றும் பொருள், வல்லுறவு என்றும் பொருள். எந்தச் சாட்சி எந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொன்னார் என்று தீர்ப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் குற்றமே கிடையாது. 1997 ஜனவரியில் ஒரு தாய், வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைத் தானாகவே சொன்னார். நீதிபதிகள் மேலே கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்து இன்னொரு பெண் தனக்கே நடந்ததைச் சொன்னார். அந்த ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2இல், வல்லுறவும் இனப்படுகொலையாக அமையலாம் என்று ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் முதல்முறையாகச் சொன்னது. கேட்க ஆள் இருந்ததால் வந்த தீர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதனால் "கெடுத்துட்டாங்க" என்பதை அப்படியே மேற்கோளில் போடுங்கள். பேச்சுவழக்கில் அதற்கு என்ன பொருள் என்று தனிக்குறிப்பு எழுதுங்கள். மௌனத்தையும் அதன் நேரத்தையும் குறியுங்கள். திரும்பக் கேட்பதென்றால் அவர் விருப்பத்தோடு, பயிற்சி உள்ள ஒருவர், ஒரே தடவை: "அதை உங்க வார்த்தையிலேயே இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?" அவ்வளவுதான். வாயில் வார்த்தையைத் திணித்தால் குறுக்கு விசாரணையில் அது அவர் தலையில்தான் விடியும். நாலு பேர் நாலு தடவை கேட்டாலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்ன மாற்றம் வரும்.

பழைய வக்கீல்:
இன்னொன்று. இந்த மாதிரி வழக்குகள் பல 'நடந்ததா' என்பதில் விழுவதில்லை, 'யார் பொறுப்பு' என்பதில் விழுகின்றன. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் காங்கோ கிளர்ச்சிப் படைத் தலைவர் பெம்பாவின் வழக்கைப் பாருங்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அவர் படையினர் செய்த வல்லுறவுகளுக்காக 2016இல் 18 ஆண்டு தண்டனை. 2018 மேல்முறையீட்டில், தளபதியாக அவர் எடுத்த நடவடிக்கைகளைக் கீழமர்வு சரியாக மதிப்பிடவில்லை என்று விடுதலை, அதுவும் மூன்றுக்கு இரண்டு. ஆகவே சீருடை, வண்டி, யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள், எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள், இதையெல்லாம் வேண்டாத பேச்சென்று வெட்டிவிடாதீர்கள்.

தும்பைப்பூ:
இரண்டு பேருக்கும் நன்றி. மேற்கோளும் குறிப்புமாக மாற்றிவிட்டேன், சரிபார்ப்பவரும் ஒத்துக்கொண்டார்.

கடைசிப் பதிலைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மா பேச்சை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் நின்றவனை மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று சொல்கிறார். ஏதோ பதவிப் பெயர். நான் "தெளிவில்லை" என்று போட்டுவிட்டுக் கடந்திருக்கிறேன். இப்போது வேறு காதொலிப்பானில், வேகத்தைக் குறைத்து, ஆறு தடவை கேட்டேன். தெளிவாகத்தான் இருக்கிறது.