மொட்டையனோடு ஏழு மாதம்: முடியில்லாப் பூனையோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

கொடுமுடிக்காரன்:

தங்கச்சிக்கு பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு வந்தவள் கையில் ஒரு கூடை. கம்பெனி ஏழு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறதாம், அதுவரைக்கும் இதை நீதான் பார்த்துக்கணும் என்றாள். கூடையைத் திறந்ததும் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த ஒறம்பரை மொத்தமும் இரண்டடி தள்ளிப் போனது.

உடம்பில் முடியே இல்லை. நெற்றியெல்லாம் சுருக்கம். மீசை இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்த மாதிரி நாலு இழை. காது இரண்டும் வாழைப்பூ மடல் விரிந்து சுருளுமே, அந்த மாதிரி பின்பக்கமாகச் சுருண்டிருந்தன. "இதென்ன சாமி, பொசுக்குன கோழியாட்ட இருக்குது! சீக்காட்ட இருக்குது, தொடாத கண்ணு" என்று அம்மிச்சி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்து மாமா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங் மாப்ள, பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுட்டு வந்தீங்களா?" தங்கச்சி என்னவோ பெயர் வைத்திருந்தாள். இரண்டே நாளில் அது மொட்டையன் ஆகிவிட்டது.

இந்த வகைக்கு எல்ஃப் என்று பெயர். ஸ்பிங்க்ஸ் என்ற முடியில்லாப் பூனையையும், காது சுருண்ட அமெரிக்கன் கர்லையும் கலந்து உண்டாக்கியது. அமெரிக்காவில் 2000க்கு அப்புறம்தான் ஆரம்பித்தார்கள். நம் ஊரில் நான் வேறு ஒன்றைப் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாள் நானும் தொடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் காலை பால் கறந்து போசியைத் திண்ணையில் வைத்தேன். மொட்டையன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவனை நகர்த்தத்தான் கை வைத்தேன். போசியின் வெளிப்பக்கச் சூடும் அவன் வயிற்றுச் சூடும் ஒன்றாகவே இருந்தன. தோல் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படியும் இல்லை. பிறந்த கன்றுக்குட்டியின் காதை உள்பக்கம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத பூ மயிர் விரலில் படுமே, அதுதான். அதற்கப்புறம் அவன் என் மடியை விட்டு இறங்கவில்லை.

அந்தச் சூடுதான் பெரிய வம்பில் கொண்டுபோய் விட இருந்தது. ஒரு நாள் அம்மா அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உடம்பு கொதிக்குதுடா, காச்சல்" என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்து, அம்மிக் குழவியில் நசுக்கிப் பாலில் கலந்துவிட்டார். எதேச்சையாகத் தங்கச்சி போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கத்திய கத்தலில் அம்மா பாலைப் பொடக்காளியில் கொட்டிவிட்டு வந்தார்.

மாசியில் இன்னொரு கூத்து. களத்தில் மஞ்சள் வேகவைத்துக் காயப் போட்டிருந்தோம். மொட்டையனின் தோலில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மஞ்சள் மேல் புரண்டு எழுந்தான், தூசி மொத்தமும் அப்பிக்கொண்டது. அம்மிச்சி அரப்பு போட்டுத் தேய்க்கலாம் என்றார். நான் விடவில்லை, அவனுக்கான ஷாம்பூவில்தான் குளிப்பாட்டினேன். மூன்று குளியல் போட்டும் சுருக்கங்களுக்குள் மஞ்சள் நின்றுவிட்டது. பத்து நாள் மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் சுற்றப் போகிறவன் மாதிரி திரிந்தான். அது போனால் போகட்டும், அந்த அரை மணி நேர வெயிலில் முதுகு சிவந்து தோல் உரிந்ததுதான் எனக்கு வருத்தம். அதிலிருந்து பத்து மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை.

இந்த மாதிரிப் பூனைகளைப் பார்த்தவர்கள், வளர்த்தவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

வாய்க்கால் கரை, கோபி:

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். மணமகனின் நண்பர் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. சத்தியமாகச் சொல்கிறேன், இலையில் இருந்த கோழியைத் தொட மனசு வரவில்லை.

பல்லடம் அக்கா:

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். இருபது வருஷமாகக் குழந்தைகள் உடுப்புதான் தைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த பெண் ஒருத்தி ஸ்பிங்க்ஸ் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து, மார்கழிக்கு இதுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கக்கா என்றாள்.

பூனைக்கு என்ன அளவு எடுப்பது? மூன்று மாதக் குழந்தை சாம்பிள் ஒன்று கிடந்தது, போட்டுப் பார்த்தேன். கழுத்து சரியாக இருந்தது, கை தொங்கியது. அக்குள் வெட்டு குழந்தைக்குப் பக்கவாட்டில் வரும், நாலு காலில் நடக்கிறதுக்கு அது கீழே, நெஞ்சுப் பக்கம் வர வேண்டும். அதை மாற்றி வெட்ட எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. ரிப் துணி, நூறு சதம் காட்டன். ஒருமுறை மினுமினுப்பாக இருக்கட்டும் என்று பாலியஸ்டர் கலந்த துணியில் தைத்தேன். இரண்டே நாளில் கழுத்தைச் சுற்றிப் பொரிப்பொரியாக வந்துவிட்டது. ஓவர்லாக் தையல் தோலில் உரசும் என்பதால் இப்போது சட்டையையே திருப்பிப் போட்டு, தையல் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரிதான் கொடுக்கிறேன். லேபிள் கிடையாது.

வாரம் மூன்று சட்டையாவது துவைக்க வேண்டும். முடி இருந்தால் அந்த எண்ணெய் முடியில் ஏறும். இங்கே சட்டையில் ஏறுகிறது. உட்கார்ந்த இடத்திலும் பழுப்பாக ஒரு கறை. என் மெஷின் மேல் ஏறிப் படுத்த இடம் இன்னும் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் தலையணை உறையைப் பற்றி யோசிப்பதில்லை.

நாமக்கல் தம்பி:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. அதனால் மருத்துவர் சொல்வது போல எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொடுமுடி அண்ணா, உங்கள் தங்கச்சி அன்றைக்கு போன் செய்தது அவன் அதிர்ஷ்டம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். அரை மாத்திரையே உயிருக்கு ஆபத்து. பினாயிலும் அப்படித்தான். துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். முடி இல்லாததற்கு உடம்பெல்லாம் ஒட்டும். எல்லாப் பூனைக்கும் சாதாரணச் சூடே 38 முதல் 39 டிகிரி வரை. நம் மாட்டுக்கும் கிட்டத்தட்ட அதுதான், அதனால்தான் போசிச் சூடும் அவன் சூடும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிந்தது. நாட்டுப் பூனையில் முடி அந்தச் சூட்டை மறைக்கிறது. காய்ச்சலா என்று கையை வைத்துச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர்தான் வேண்டும்.

இந்த வகை ஏன் அரிது என்பது எனக்குப் பிடித்த கணக்கு. முடியில்லாத குட்டி 1966ல் கனடாவின் டொரொண்டோவில் சாதாரணப் பூனை ஒன்றுக்குப் பிறந்தது. சுருள் காது 1981ல் கலிபோர்னியாவில் ஒரு தெருப்பூனையிடமிருந்து வந்தது. இரண்டும் இயற்கையாக நேர்ந்த மரபணு மாற்றங்கள். சுருள் காது ஓங்கிய குணம், தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். முடியின்மை அடங்கிய குணம், இரண்டு பக்கமும் வர வேண்டும். ஸ்பிங்க்ஸையும் கர்லையும் சேர்த்தால் முதல் ஈற்றில் பிறப்பதெல்லாம் முடியோடுதான் இருக்கும். அதில் காது சுருண்டதை எடுத்து மறுபடி ஸ்பிங்க்ஸோடு சேர்க்க வேண்டும். அப்போதும் சராசரியாக நாலில் ஒன்றுக்குத்தான் இரண்டும் அமையும். பிறந்த அன்றைக்குக் காதும் நேராகத்தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் சுருள ஆரம்பித்து நாலு மாதத்தில் நிலைக்கும். அந்தக் காதை விளையாட்டுக்குக்கூட முன்னால் வளைக்காதீர்கள், குருத்தெலும்பு விறைப்பானது, ஒடிந்துவிடும்.

வெயிலுக்கு நாம் பூசுகிற கிரீமையும் பூச வேண்டாம். அதில் துத்தநாகம் இருந்தால் நக்கிய பிறகு வயிற்றைக் கெடுக்கும்.

ஆனைமலை அடிவாரம், பொள்ளாச்சி:

என் வீட்டுக்காரருக்குப் பூனை என்றால் தும்மல். முடியில்லாததால் இது ஒன்றும் செய்யாது என்று யாரோ சொன்னதை நம்பி, கோவையில் சிநேகிதி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இருபது நிமிஷம் நன்றாகத்தான் இருந்தார். பூனை அவர் கழுத்தை நக்கியது. திரும்பி வருகிற வழியெல்லாம் தும்மல், கழுத்தில் தடிப்பு. அப்புறம் விசாரித்தால், ஒவ்வாமை தருகிற புரதம் முடியில் இல்லையாம், எச்சிலிலும் தோல் எண்ணெயிலும்தானாம். உதிர்கிற முடி இல்லாததால் வீடெல்லாம் பரவுவது சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். காசு கொடுப்பதற்கு முன்னால் மடியில் வைத்துப் பார்த்ததே நல்லதாகப் போயிற்று.

ஈரோட்டுப் பாட்டன் பேரன்:

எங்களிடம் இருந்தது எல்ஃப் இல்லை, ஸ்பிங்க்ஸ்தான். பெண். மூன்று வருஷம் இருந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தோலைப் பற்றித்தான் கேள்வி. சொறியா, படையா, ஒட்டுமா. நாங்களும் தோலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாராவாரம் குளியல், காதில் பழுப்பாகச் சேரும் குறும்பியைத் துடைப்பது, நக இடுக்குக்கு ஈரத் துணி. கொஞ்ச நாளாக விளையாட்டில் சீக்கிரம் களைத்துப்போகிறாள் என்று இரண்டு தடவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். இரண்டு தடவையும் தோலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆடியில் ஒரு விடியற்காலை. வெளியே காற்று கதவை அறைந்துகொண்டிருந்தது. அவள் அலறல் கேட்டு எழுந்தேன். பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முன்னங்காலால் என்னிடம் வந்தாள். எடுத்தபோது உடம்பு சூடாக இருந்தது, பின்னங்கால் மட்டும் கல் மாதிரி சில்லிட்டிருந்தது. முடியில்லாததால் அந்தச் சூடு எந்த இடத்தில் நிற்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. மத்தியானம் போய்விட்டாள்.

நாமக்கல் தம்பி:

அண்ணா, அது இதயத் தசை தடித்துப்போகிற நோயாக இருந்திருக்கலாம். இதயத்தில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி பின்னங்கால் ரத்தக் குழாயை அடைக்கும். ஸ்பிங்க்ஸ் வழியில் வருகிறவற்றுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம். ஸ்டெதாஸ்கோப்பில் சில சமயம் ஒன்றும் கேட்காது, எக்கோ எடுத்தால்தான் தெரியும். உங்கள் மேல் தவறில்லை.

கொடுமுடிக்காரன்:

ஈரோட்டு அண்ணன் எழுதியதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே தங்கச்சியிடம் சொல்லிவிட்டு, மொட்டையனைக் காரில் போட்டு எக்கோ எடுக்கக் கூட்டிப் போனேன். பக்கவாட்டில் படுக்க வைத்து நெஞ்சில் ஜெல் தடவினார்கள். முடி மழிக்கிற வேலை இல்லை. திரையில் இதயம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போதைக்குத் தசை தடிப்பு இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

யாராவது என்னிடம் இந்த வகை வாங்கலாமா என்று கேட்டால், காது சுருளைப் பார்க்காதே, தாய் தகப்பனுக்கு எக்கோ எடுத்த காகிதத்தைக் கேள் என்றுதான் இனிமேல் சொல்வேன். காகிதம் இல்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.

ஆவணியில் தங்கச்சி வந்து கூட்டிப் போய்விட்டாள். பல்லடம் அக்கா சொன்ன மாதிரி தையலை வெளியே விட்டுத் தைத்த இரண்டு சட்டையும் கூடவே போயின. பால் கறந்து போசியைத் திண்ணையில் வைக்கும்போது கை தானாக ஒரு பக்கம் இடம் விடுகிறது. தொடாதே என்று சொன்ன அம்மிச்சி, நேற்று மழை பிடித்ததும் போனை என் கையில் திணித்தார். "பெங்களூர்ல குளுருமாமே. அவளுக்குப் போன் போடு கண்ணு, மொட்டையனுக்குப் போத்தி உட்டாளான்னு கேளு."