கேரித் தீவு மரச்சிற்பிகளைப் பார்த்துப் பழகியவர்கள் எழுதுங்கள்

பந்திங்கிலிருந்து எழுதுகிறேன். அப்பா மலேசியாவில் சிலாங்கூரின் கேரித் தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், பள்ளி விடுமுறை என்றால் நானும் முன் சீட்டில் ஏறிவிடுவேன். தோட்டத்துச் சாலையை விட்டு சுங்கை பும்புன் பக்கம் போனால் மா மெரி மக்களின் கம்போங், அதாவது கிராமம். நாட்டிலுள்ள 18 ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பிரிவுகளில் மா மெரியும் ஒன்று. அங்கே ஒரு சிற்பியை அப்பாவுக்கு நல்ல பழக்கம். அப்பா அவரை அபாங் (அண்ணன்) என்பார், நான் பாக்சிக் (மாமா) என்பேன். பட்டறை என்று பெரிதாக எதுவும் இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய ரேடியோ, வரிசையாக உளிகள், அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து கட்டையை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு செதுக்குவார். அவர் கையில் நான் அதிகம் பார்த்தது ஹரிமாவ் பெரந்தாய், அதாவது சங்கிலி கட்டிய புலி. யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை கிடைத்த சிற்பம் அது. புலியும் சங்கிலியும் ஒரே கட்டை. ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது, ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தனியாக ஆடும்! முதலில் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே உருவாகும், அப்புறம் சின்ன உளியை உள்ளே விட்டுச் சுரண்டிச் சுரண்டி, நடுவில் இருக்கும் மரத்தை எடுத்துக்கொண்டே வருவார். அந்த நேரத்தில் யாரோடும் பேசமாட்டார், ரேடியோவையும் அணைத்துவிடுவார். ஒரு கண்ணி உடைந்தால் மொத்த வேலையும் போச்சு. ஒட்டவைத்துத் தரலாமே என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, அப்படி ஒட்டினால் அது அந்த மோயாங் இல்லை என்று சொல்லிவிட்டார். மோயாங் என்றால் அவர்களுடைய முன்னோர் ஆவி. ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு கதை உண்டு, கதை தெரியாமல் அவர் உளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. சில உருவங்கள் கனவில் வந்தவை என்பார், நான் அதை முழுதாக நம்புகிறேன்.

*

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு தோழி. அண்ணா, மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் தாத்தா தோட்டத்துத் தச்சர். புலிச் சிற்பத்துக்கு அவர்கள் எடுப்பது ஞிரே பத்து, சதுப்புநிலக் காட்டில் வளரும் மரம். மேல்பக்கம் வெளிறியிருக்கும், வைரம் ஏறிய பாகம் செக்கச்செவேல் என்று இருக்கும், நல்ல கனம். தாத்தா ஒரு துண்டு வாங்கி வந்து இழைத்துப் பார்த்துவிட்டு, இதில் எப்படி அய்யா சங்கிலி செதுக்குகிறான் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். முகமூடி என்றால் பெரும்பாலும் புலாய். நம் ஊர்ப்பக்கத்து ஏழிலைப்பாலையின் இனம்தான், லேசான மரம், முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வேண்டுமே.

எனக்கு வருத்தம் மரம் குறைவதில்தான். தீவைச் சுற்றி கரை கட்டிக் கடல்நீரைத் தடுத்துத்தான் செம்பனை போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டச் சம்பளத்தில் படித்தவள் நான், அதனால் சும்மா குறை சொல்லவில்லை. ஆனால் நான் பேசிப் பார்த்த சிற்பி, நல்ல ஞிரே கிடைக்க இப்போது தூரம் போக வேண்டியிருக்கிறது என்றார். கிடைத்த கட்டையை வீணாக்காமல், அதன் வளைவு எந்த மோயாங்குக்குப் பொருந்தும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார். வளைவைச் செதுக்கி நேராக்கமாட்டார். அந்த வளைவே முதுகாகிவிடும், வாலாகிவிடும்.

*

நான் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். அந்தக் கம்போங்குக்கு நான் போனது மோயாங்குகளைப் போற்றும் ஹரி மோயாங் சமயத்தில், சீனப் புத்தாண்டு முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் வரும். முகமூடி போட்டு மெயின் ஜோஓ என்ற நடனம் ஆடுகிறார்கள், பெண்கள் ஓலையில் பின்னிய பாவாடை கட்டிச் சுற்றி வருகிறார்கள். அங்கே ஒரு பெரியவர் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அந்தக் காலத்தில் நோய்க்காரருக்காக உருவம் செதுக்கி, நோயை அதில் இறக்கி, கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களாம். வைத்துக்கொள்வதற்காகச் செய்ததே இல்லை. இன்று அதே கைப்பழக்கத்தில் வந்த சிற்பங்களைத்தான் நாம் ஷோகேஸில் வைக்கிறோம்.

தயவுசெய்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசுவதுபோல் அங்கே பேசாதீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். சிற்பி கோபப்படவில்லை, சிற்பத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். பெரிய உருவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர் கேட்கும் காலத்தைக் கொடுங்கள்.

பஹாங் மாநிலத்தில் ஜா ஹுட் என்ற ஓராங் அஸ்லி மக்களும் இப்படிச் செதுக்குகிறார்கள். கோலக்ராவ் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவர்கள் என்ன மரம் எடுக்கிறார்கள், எப்படித் தொடங்குகிறார்கள் என்று எழுதுங்கள்.