மழையில் ஒட்டிய கிட்டார்

நான் செய்த முதல் தப்பு, கிட்டாரை நாமே ஒட்டிச் செய்துகொள்ளும் கிட் பெட்டியை நவம்பர் மாதம் பிரித்தது. சென்னையில் அப்போது உப்பு ஜாடியே கசிந்து நிற்கும்.

உள்ளே வளைத்து அனுப்பிய பக்கப் பலகைகள், மேலே ஒட்ட ஸ்ப்ரூஸ் மரப் பலகை, மகாகனிக் கழுத்து. விரல்பலகை மட்டும் நம்மூர் ஈட்டி மரம். கப்பலேறிப் போய் அறுபட்டு, சுங்கவரியோடு வீடு திரும்பியிருக்கிறது!

பக்கப் பலகையின் உள்விளிம்பில் ஓரச்சட்டம் ஒட்ட ஏகப்பட்ட க்ளாம்ப் வேண்டும். மொட்டை மாடிக் கொடியில் இருந்த துணி கிளிப் அத்தனையையும் உருவி வந்து, ரப்பர் பேண்ட் சுற்றி இறுக்கினேன். நன்றாகவே பிடித்தது. அன்று காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது தனிக்கதை.

மேற்பலகை 3 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்கத்தான் அடியில் எக்ஸ் வடிவில் சட்டம். ஒட்டுவதற்கு முன் தட்டினால் அட்டைச் சத்தம். காய்ந்த பிறகு காதருகே பிடித்துத் தட்டினேன், கணீரென்றது. அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

அறையில் ஈரப்பதம் 45 சதவீதம் இருக்கட்டும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் அறையில் 80. ‘அதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு’ என்று ஒட்டிவிட்டேன்.

பொங்கலுக்குக் கம்பி கட்டினேன். மே மாதம், ஏசி அறையில் மாட்டியிருந்தபோது, மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டைக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தை ஓட்டினால் தட்டியது. வெடிப்பு.

எங்கள் தெரு ஆசாரி ஒரு பார்வைதான் பார்த்தார். “மழையில உப்பின பலகைய அப்படியே ஒட்டிட்டீங்களா சார்? ஐப்பசியில மாட்டின கதவு சித்திரையில சந்து விடும்ல, அதேதான்.” பலகை குறுக்குவாட்டில் சுருங்கப் பார்த்திருக்கிறது, குறுக்கே ஓடும் சட்டமோ நீளவாட்டில் சுருங்காது. நடுவில் கிழிந்துவிட்டது.

அப்புறம் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை வைத்து கிட்டாருக்குள் போட்டேன். சில நாளில் கோடு மூடிக்கொண்டது. ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, வெடிப்புக்குக் குறுக்கே மூன்று சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டினேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒட்டுவது, சட்டைக்குள் கைவிட்டு முதுகு சொறிகிற வேலை. சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த கிட் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டி ஏசி அறையில் இருக்கிறது, மேலே ஈரப்பதமானி. இன்று காலை 52 காட்டியது. துணி கிளிப் இந்த முறை தனியாக நான்கு டஜன் வாங்கிவிட்டேன்.