ஊடக, தொழில்நுட்பச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர்களின் அனுபவங்கள்

முதுநிலைப் படிப்பை முடித்தவர்:

செயற்கை நுண்ணறிவையும் கிரிப்டோ நாணயத்தையும் எதிர்பார்த்தே பலரும் இந்தச் சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் வகுப்பிலோ தொடக்க வாரங்கள் அவதூறுச் சட்டத்திலேயே கழிந்தன. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் உள்ள பொறுப்பு வேறு, அந்த நூலை வாங்கி விற்ற கடைக்காரரின் பொறுப்பு வேறு என்ற பழைய வேறுபாடு மனத்தில் பதிந்த பிறகுதான் பேராசிரியர் இணையத்தின் பக்கமே வந்தார். பிறர் ஏற்றிய உள்ளடக்கத்தை முன்கூட்டிப் படித்துப் பார்க்காத கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை, 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று புத்தகக் கடைக்கு ஒப்பாகக் கருதி விடுவித்தது. 1995-இல் நியூயார்க் மாநில நீதிமன்றம் ஒன்றோ, வசைப் பதிவுகளை வடிகட்ட விதிகளும் மென்பொருளும் வைத்திருந்த பிராடிஜி என்ற மற்றோர் இணையச் சேவை நிறுவனத்தை, அந்த வடிகட்டலையே காரணம் காட்டிப் பதிப்பாளர் என்றது. கண்டுகொள்ளாதவர் தப்பிக்க, ஒழுங்குபடுத்த முயன்றவர் மாட்டிக்கொண்டார். இந்த முரணைக் களையத்தான், பிறர் ஏற்றிய உள்ளடக்கத்துக்கு இணையச் சேவையைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்னும் அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு 230 1996-இல் வந்தது.

இவ்விரு வழக்குகளிலும் இரு தரப்புக்காகவும் எங்களை மாறி மாறி வாதிட வைத்த வகுப்பையே இந்தப் படிப்பின் மையமாகக் கருதுகிறேன். அந்தத் தளத்துக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, தெரிந்த பின் என்ன செய்தது என்ற கேள்விதான் பின்னர் வெவ்வேறு பெயர்களில் ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் வந்து நின்றது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டு ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ செல்லாது என்று அறிவித்ததற்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் பிறரின் உள்ளடக்கத்தைத் தாங்கும் ஓர் இடைநிலை நிறுவனத்துக்கு விவரம் தெரிந்திருந்தது என்று கொள்வதற்கு நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வேண்டும் என்று அந்நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய அதே சட்டத்தின் பிரிவு 79-க்கு அது தந்த விளக்கமே, இத்துறையில் தொழில் செய்பவருக்கு அதிகம் பயன்படுகிறது.

இறுதியாண்டு மாணவி:

மேலே உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது புரிந்தது சட்ட உதவி மையப் பயிற்சியில். அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்ட ஒரு புகைப்படத்துக்காக, அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நீக்கக் கோரும் அறிவிப்பை வரையச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் கலைஞரின் உழைப்பு, ஏற்பட்ட மன உளைச்சல் என்று ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தார். பயிற்றுநர் அதைப் படித்துவிட்டு ஓரத்தில் "எந்த இணையப் பக்கம்?" என்று மட்டும் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். படைப்பு எது, அத்துமீறல் எந்த முகவரியில் இருக்கிறது, நல்லெண்ணத்தோடுதான் கோருகிறோம் என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவை இல்லாமல் எத்தனை உருக்கமாக எழுதினாலும், அந்தத் தளத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று பின்னாளில் வாதிட முடியாது.

தரவுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்:

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தரவு கசிந்தால், அது நிறுவனத்துக்குத் தெரியவந்ததிலிருந்து இயன்றவரை 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. தனிநபர்களுக்குத் தீங்கு நேர வாய்ப்பில்லாத கசிவுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த 72 மணி நேரம் எந்த நொடியில் தொடங்குகிறது என்பதை, வகுப்பில் நடத்தப்பட்ட ஒரு ஒத்திகையில் எங்களால் எளிதில் முடிவுசெய்ய இயலவில்லை. சர்வர் லாக்கில், அதாவது கணினி தானே பதியும் நடவடிக்கைக் குறிப்பில், இருந்த நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில். ஊழியரின் மின்னஞ்சலில் இருந்ததோ உள்ளூர் நேரம். இரவில் வந்த தானியங்கி எச்சரிக்கையைக் காலையில்தான் ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். நிறுவனம் அறிந்தது இரவிலா, காலையிலா என்பதில் சட்ட மாணவர்கள் ஒரு பக்கமும், எங்களோடு அமர்ந்திருந்த கணினித் துறை மாணவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றோம்.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா என்று இளையவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அது கட்டாயமில்லை, ஒரு லாக் கோப்பை வரிசையாகப் படித்து, யார் எப்போது என்ன செய்தார் என்று சொல்லத் தெரிந்தால் போதும். விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, புதிய சட்டங்களைப் பற்றிய தாள்களுக்கு முன்னதாகச் சாட்சியச் சட்டத்தையும், பிறருக்கு இழைத்த தீங்குக்கான பொறுப்பைப் பேசும் தீங்கியல் சட்டத்தையும் முடித்துவிடுங்கள்.