புதுப்பிப்பு: அம்மாவின் எலும்புகளில் இருந்தது புற்றுநோய் அல்ல, பாராதைராய்டு கோளாறு

அம்மாவின் இடுப்பெலும்பிலும் விலா எலும்புகளிலும் தெரிந்த அரிப்புகளைப் பரவிய புற்றுநோய் என ஐயுற்று, அது முதலில் தோன்றிய கட்டியை மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, வேறு என்ன பார்க்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். மறுமொழி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கால்சியத்தையும், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு (கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள்) ஹார்மோனையும் ஒரே ரத்த மாதிரியில் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் விடை தந்தது. கால்சியம் 12.8 மில்லிகிராம் (வழக்கமான உச்ச அளவு ஏறத்தாழ 10.5), ஏறத்தாழ 65 பிகோகிராமுக்குள் இருக்க வேண்டிய ஹார்மோன் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. புற்றுநோயால் கால்சியம் உயரும்போது இந்த ஹார்மோன் பெரும்பாலும் அடங்கியே இருக்கும் என்பதால், சிகிச்சையின் திசை அப்போதே மாறியது.

எலும்பின் திசுப் பரிசோதனையில் ராட்சத செல்கள் (பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள்) தெரிந்தன. எலும்பின் ராட்சத செல் கட்டியிலும் அவையே காணப்படுவதால், ஹார்மோன் அளவு தெரியாமல் அந்த அறிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது; பெட் ஸ்கேனிலும் எலும்பின் இந்த அரிப்புகள் புற்றுநோயைப் போலவே ஒளிரக்கூடும். மிகையான ஹார்மோன் எலும்பைக் கரைக்க, அங்கே கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்து நிறமேற்றுவதால் இவற்றைப் பழுப்புக் கட்டிகள் என்கிறார்கள்.

மிகையாகச் சுரக்கும் பாராதைராய்டைக் கண்டறியும் செஸ்டமிபி ஸ்கேன் காட்டிய அடினோமாவை (அந்தச் சுரப்பியில் வளர்ந்த, புற்றுநோயல்லாத கட்டி) அகற்றினார்கள். எலும்புகளில் அறுவை தேவைப்படவில்லை.

நாங்கள் எதிர்பாராதது அதன்பின் நேர்ந்தது. பட்டினி கிடந்த எலும்புகள் கால்சியத்தை வேகமாக உறிஞ்சிக்கொண்டதால், ரத்தத்தில் அதன் அளவு சரிந்து, அம்மாவுக்கு உதடும் விரல்களும் மரத்துப்போயின. சிரை வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருந்தது. எலும்பு பாதிப்பு உள்ளவர்கள் இதைப் பற்றி அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இப்போது கால்சியமும் கால்சிட்ரியாலும் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்) மாத்திரைகளாகத் தொடர்கின்றன; அண்மைய எக்ஸ்ரேயில் அரித்த இடங்களில் எலும்பு மீண்டும் அடர்ந்து வருகிறது.